'மாட்டேன்' என்று சொல்லும் பிள்ளை



வேலைக்காட்டிலிருந்து திரும்பி, குளித்து, அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கைவேலையை நிறுத்த வேண்டாம். காதை மட்டும் சற்று நேரம் எங்களுக்குக் கொடுங்கள்.

இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். 'மாட்டேன்' என்பதே அந்தச் சொல். "குளிடா" என்றால் மாட்டேன். "புத்தகத்தை எடு" என்றால் மாட்டேன். "தங்கச்சியை அடிக்காதே" என்றால், "அப்படித்தான் அடிப்பேன்!" இந்தச் சொல் காதில் விழாத வீடு தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. ஆனால் சில வீடுகளில் இது ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவையோடு நிற்பதில்லை. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஓயாத போராட்டமாக நடக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் லயத்தில் தலைநிமிர்ந்து நடக்கவே கூசுகிறார்கள். "வளர்த்த இலட்சணத்தைப் பார்!" என்று அக்கம்பக்கத்தார் பேசுவது அவர்கள் காதில் விழாமலா இருக்கும்? அந்தப் பெற்றோரை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறோம்.

முதலில் எது சாதாரணம், எது சாதாரணம் அல்ல என்பதைத் தெரிந்துகொள்வோம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை எதற்கெடுத்தாலும் 'மாட்டேன்' என்று சொல்வது வளர்ச்சியின் அடையாளம். தான் வேறு, அம்மா வேறு என்பதை அது அப்போதுதான் கண்டுபிடிக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மறுபடியும் ஒரு முறை அந்தப் பருவம் வரும். பசி, தூக்கக் குறைவு, காய்ச்சல், வீட்டில் புதிதாக ஒரு குழந்தை பிறந்திருத்தல் ஆகியவையும் நல்ல பிள்ளையைச் சில வாரங்களுக்கு முரட்டுப் பிள்ளையாக்கும். இவை தாமாகவே தணிந்துவிடும்.

தணியாமல் நீடிப்பதுதான் கவலைக்குரியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது. அடிக்கடி கோபம் பொங்குதல், சிறு விஷயத்துக்கும் சுருக்கென்று எரிச்சல் அடைதல், எப்போதும் மனக்குறையோடு இருத்தல், பெரியவர்களோடு வாதாடுதல், சொன்னதைச் செய்ய மறுத்தல், வேண்டுமென்றே பிறரைச் சீண்டுதல், தன் தவற்றுக்கு மற்றவரைக் குற்றஞ்சொல்லுதல், வன்மம் வைத்துப் பழிதீர்த்தல். இவற்றில் நான்காவது, ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்து, பிள்ளையின் படிப்பையும் வீட்டின் நிம்மதியையும் கெடுத்தால், அதை மருத்துவர்கள் ஒரு கோளாறாகக் கருதுகிறார்கள். உடன்பிறந்தவர்களோடு மட்டும் சண்டை போடுவது இந்தக் கணக்கில் சேராது. உங்கள் பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெயர் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், வீட்டில் நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றேதான்.

அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் பள்ளியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் படித்தான். பெயர் வேண்டாம். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தாயார் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். விடிவதற்கு முன்பே இருவரும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பாட்டிதான் பையனைப் பள்ளிக்கு அனுப்பிவைப்பார். "எழுது" என்று சொன்னால் அவன் பென்சிலைக் கீழே போடுவான். "எடு" என்றால் காலால் உதைப்பான். ஒரு நாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வகுப்பை விட்டே வெளியேறினான். எல்லாப் பிள்ளைகளும் கேட்க அவனை 'அடங்காப்பிடாரி' என்று சொன்னோம். வாரம் தவறாமல் அவன் தகப்பனாருக்குப் புகார் எழுதி அனுப்பினோம். அவரும் ஒரு முறை பள்ளிக்கு வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு திங்கட்கிழமை, வெயில் கொளுத்தும் வேளையில், அவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். விளையாட்டுத் திடலில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். காயத்தைக் கழுவுவதற்காகச் சட்டைக் கையைச் சுருட்டினோம். தோள் வரைக்கும் வார் அடித்த தழும்புகள். சில பழையவை, சில புதியவை. "யாரப்பா அடித்தது?" என்று கேட்டோம். அவன் எங்களை நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க" என்றான்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு தாளும் அவன் முதுகில் ஓர் அடியாக விழுந்திருக்கிறது. அடி வாங்கிய பிள்ளை மறுநாள் அமைதியாக வந்ததா என்றால், அதுவும் இல்லை. இன்னும் முரட்டுத்தனமாக வந்தது. அதைப் பார்த்து நாங்கள் இன்னொரு தாள் எழுதினோம்.

தலைமையாசிரியரிடம் உடனே சொன்னோம். அடுத்த நாள் மாலை, பள்ளியின் ஆலோசனை ஆசிரியரோடு அந்த வீட்டுக்குப் போனோம். புகார் சொல்லப் போகவில்லை, பார்க்கப் போனோம். வாசல் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணியில், அடுப்படியில் இருந்தபடியே தாயார் மகனுக்குப் பதினேழு கட்டளைகள் போட்டார். விரல்விட்டு எண்ணினோம். "குளிடா", "சட்டையை எடுத்து வை", "போனைக் கீழே வை", "எத்தனை தடவைடா சொல்றது?" பையன் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசியில் தாயார் வந்து அதைப் பிடுங்கினார். அவன் அலறினான், பக்கத்திலிருந்த வாளியை உதைத்தான், தூங்கிக்கொண்டிருந்த தங்கை எழுந்து அழுதாள், அடுத்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இந்தா, தொலை!" என்று தாயார் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடு அமைதியானது. சற்று நேரத்தில் அதே பையன் எழுந்துபோய், அழுத தங்கைக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதை யாரும் கவனிக்கவில்லை. பார்ப்பதற்கென்றே போயிராவிட்டால் நாங்களும் கவனித்திருக்க மாட்டோம்.

நேயர்களே, இந்த அரை மணி நேரத்தில் ஒரு பாடம் நடந்து முடிந்துவிட்டது. பதினாறு முறை அம்மா சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. பதினேழாவது முறை கூச்சல் போட்டால் கேட்டது கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. கொடுத்துவிட்டால் வீடு அமைதியாகும் என்று தாயும் கற்றுக்கொண்டார். தகப்பனார் வீட்டில் இருக்கும் நாளில் பாடம் வேறு. அவர் வாரை எடுப்பார். பிள்ளை அப்போதைக்கு அடங்கும். அடித்தால் அடங்குகிறது என்று தகப்பன் கற்றுக்கொள்கிறார். பலமுள்ளவன் கையை ஓங்கினால் காரியம் ஆகும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் அதைத் தங்கையிடம் செய்து பார்க்கிறது.

ஜெரால்டு பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரிகன் மாநிலத்தில் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். அவரும் அவருடைய குழுவினரும் குடும்பங்களின் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், அடுத்தவர் என்ன செய்தார் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டார்கள். 1982-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கியது இதுதான்: இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளையும் பெற்றோரும் ஒருவரையொருவர் நெருக்கி நெருக்கியே பழகிவிடுகிறார்கள். ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குகிறது.

தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் இழுத்தால்தானே அது போட்டி? ஒரு பக்கம் கயிற்றைக் கீழே வைத்துவிட்டால் இழுப்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைதான் முதலில் கயிற்றை விட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது முடியாது. பெரியவர்களாகிய நாம்தான் முதலில் விட வேண்டும். ஆனால் கயிற்றை விடுவது வேறு, வீட்டின் கட்டுப்பாட்டை விடுவது வேறு. கட்டுப்பாடு வேண்டும். அதைச் சண்டை இல்லாமல் நடத்தவும் வேண்டும். அதற்கு ஐந்து காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, நாள்தோறும் ஐந்து நிமிடம். உங்களால் முடிந்த நேரத்தில், ஐந்தே நிமிடம், பிள்ளையோடு உட்காருங்கள். அது எதை விளையாடுகிறதோ அதையே நீங்களும் விளையாடுங்கள். அந்த நேரத்தில் கட்டளை வேண்டாம், கேள்வி வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். 1960-களில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற அம்மையார் ஒரிகன் மாநிலத்தில் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, முதல் படியாக இதைத்தான் வைத்தார். கட்டளை போடக் கற்றுக்கொடுத்தது அடுத்த படியில்தான். அன்பு முதலில், கண்டிப்புப் பிறகு என்ற அந்த வரிசை இன்றும் பல நாடுகளில் பெற்றோர் பயிற்சிக்கு அடிப்படையாக இருக்கிறது.

இரண்டாவது, நல்லதைக் கண்டவுடன் வாய்விட்டுச் சொல்லுங்கள். தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தானே, அந்த நேரத்தில், "தங்கச்சி அழுறான்னு தண்ணி கொண்டாந்து குடுத்தியா, ஐயா? நல்ல பிள்ளை" என்று ஒரு வார்த்தை. 'நீ கெட்டிக்காரன்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, என்ன செய்தான் என்பதைச் சொல்வது மேல். பிள்ளைக்கு நம் கவனம் சோறு மாதிரி. நல்லது செய்து அது கிடைக்காவிட்டால், கெட்டது செய்தாவது வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, கட்டளையைக் குறையுங்கள். பதினேழு வேண்டாம், முக்கியமான மூன்றோ நான்கோ போதும். அடுப்படியில் இருந்து கத்த வேண்டாம். பக்கத்தில் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். "குளிக்கிறியாடா?" என்று கேட்டால் 'மாட்டேன்' என்பதும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான். "இப்ப போய்க் குளி" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் வேறு பேச்சுப் பேச வேண்டாம். முடிந்த இடத்தில் இரண்டு வழி கொடுங்கள்: "முதல்ல குளிக்கிறியா, முதல்ல கணக்குப் போடுறியா?" இரண்டும் நடக்க வேண்டியவை, எது முதலில் என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும்.

நான்காவது, கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லி, சொன்னதைச் செய்யுங்கள். அது சின்னதாக இருக்கட்டும், அன்றைக்கே முடிந்துவிடட்டும். "குளிச்சாத்தான் போன்" என்றால், குளிக்கும்வரை கைத்தொலைபேசி கிடையாது. கூச்சல் போட்டாலும் கிடையாது. அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தாலும் கிடையாது. ஆனால் "ஒரு மாசத்துக்குத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளே கொடுக்காதீர்கள். சோற்றை நிறுத்துவதும், வீட்டை விட்டு வெளியே தள்ளுவதும், ஊர் முன்னால் அவமானப்படுத்துவதும் தண்டனை அல்ல, அவை காயங்கள்.

ஐந்தாவது, அப்பா, அம்மா, பாட்டி மூவரும் ஒரே சொல்லாக இருங்கள். அம்மா மறுத்ததைப் பாட்டி முந்தானைக்குள் மறைத்துக் கொடுத்தால், பிள்ளை கெட்டிக்காரத்தனமாக அந்தச் சந்தில் நுழைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இப்படி மாறத் தொடங்கிய முதல் வாரத்தில் பிள்ளை முன்னைவிட மோசமாகலாம். இதுவரை திறந்த கதவு திறக்காவிட்டால், இன்னும் பலமாகத்தானே தட்டிப் பார்க்கும்? பல பெற்றோர் அந்த வாரத்தில்தான் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகத் தட்டினால் திறக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

தகப்பன்மார்கள் ஒன்று கேட்பார்கள்: "அடியாத மாடு படியாதே, சார்! நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்?" நியாயமான கேள்வி. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். கத்தி மேலாகப் போனால் பால் இறங்காது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை மறுபடியும் வளரும்போது முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிறகு அங்கே கத்தி வைக்க முடியாது. கண்டிப்பு இல்லாத வளர்ப்பு மேலாகப் போன கத்தி. அடி ஆழமாகப் போன கத்தி. அடிபட்ட பிள்ளை அன்றைக்கு அடங்கினாலும், நாளடைவில் முரட்டுத்தனம் கூடுகிறது என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நாம் அடி வாங்கியும் நல்லபடி வளர்ந்தோம் என்றால், அடித்த கை வேறு நேரங்களில் நமக்குச் சோறும் ஊட்டியிருக்கிறது. வளர்த்தது அந்தச் சோறுதான்.

மேலும் ஒன்று. 'மாட்டேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் வேறொரு சொல் மறைந்திருக்கலாம். அந்தப் பையனைத் தனியே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது. நான்கு எழுத்துச் சொல்லைக்கூட அவனால் கூட்டிப் படிக்க முடியவில்லை. 'தெரியாது' என்று சொன்னால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'மாட்டேன்' என்று சொன்னால் பயப்படுவார்கள். அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். அவனைக் குறைநீக்கல் வகுப்பில் சேர்த்தோம். அவனை முரடன் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஆகவே, உங்கள் பிள்ளை பல மாதங்களாக இப்படி இருந்தால் ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்க் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கவனக்குறைவு, வாசிப்பில் சிக்கல், மனச்சோர்வு, பள்ளியில் பிறர் செய்யும் துன்புறுத்தல் ஆகியவையும் இதே முகத்தோடு வரலாம். தேவைப்பட்டால் அங்குள்ள மருத்துவர் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். பிடிவாதத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சியே முதல் சிகிச்சை. தாயத்துக் கட்டுவதும் பூசை போடுவதும் உங்கள் நம்பிக்கை. ஆனால் அவற்றுக்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் யாருடைய கையாவது எல்லை மீறுகிறது என்று அஞ்சினால், 15999 என்ற எண்ணில் 'தாலியான் காசே' உதவிச் சேவையை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளையைக் காயப்படுத்துவது 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி குற்றம். தன் கையே மீறிவிடுமோ என்று பயப்படுகிற தாயும் கூப்பிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அந்தப் பையனின் கதையை முடிக்காமல் விட்டால் நீங்கள் எங்களை விடமாட்டீர்கள். பள்ளியிலிருந்து புகார்த் தாள் அனுப்புவதை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக, அன்றன்றைக்கு அவன் செய்த ஒரு நல்ல காரியத்தை ஒரே வரியில் எழுதி அனுப்பினோம். முதல் தாளைப் படித்த தகப்பனார், பெயர் மாறி வந்துவிட்டதோ என்று கேட்டு அனுப்பினார்! தாயார் கட்டளைகளைக் குறைத்தார். முதல் வாரத்தில் ஒரு தட்டு உடைந்தது. மூன்றாவது வாரத்தில் கூச்சல் குறைந்தது. இரண்டு மாதம் கழித்துத் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். சட்டையைத் தூக்கி இடுப்பு வாரைத் தொட்டுக் காட்டி, "இனிமே இது இடுப்புக்கு மட்டும்தான், சார்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எங்களாலும் முடியவில்லை.

பையன் சாதுவாகிவிட்டானா? இல்லை. அவன் அம்மாவே சொன்னார்: "மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் செய்யறான், சார். ஆனா செய்யறான்."

அது போதும், நேயர்களே. 'மாட்டேன்' என்ற சொல்லைப் பிள்ளையின் வாயிலிருந்து அடியோடு பிடுங்கிவிட வேண்டும் என்பது நம் நோக்கம் அன்று. நாளைக்குத் தவறான வழிக்கு அழைக்கும் ஒரு கூட்டாளியிடம் சொல்வதற்கு அந்தச் சொல் அவனுக்குத் தேவைப்படும். அதை எங்கே, எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுப்பதே நம் வேலை.

இன்றிரவு எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். ஒன்றை மட்டும் செய்யுங்கள். படுப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளை செய்த ஏதாவது ஒரு நல்ல காரியத்தைத் தேடிப் பார்த்து, அதை அவனிடம் சொல்லுங்கள். தேடினால் கிடைக்கும். ஒரு குவளைத் தண்ணீராவது இருக்கும்.